வளையாத கழுத்து

அத்தியாயம் பதினான்கு

ஊசி வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் அனுசுயா அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவையிலிருந்து பஸ் ஏறினாள். பொழுது சாய்வதற்குள் தானே ஓர் ஊசிக்காக அண்ணனிடம் மன்றாடப் போகிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் வரை உயர்ந்தவன் ராஜபாண்டி. இரண்டு வருடத்துக்கு முன் துணி ரோல்களோடு சரக்கு லிப்ட் அறுந்து விழுந்ததில் முதுகுத்தண்டு நசுங்கி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. மனைவி ஆஷா அவனுடைய தாய்மாமன் மகள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தங்கை அனுசுயா கோவையில் ஆராய்ச்சி மாணவி. விரல் நீளம்கூட இல்லாத ஜீப்ரா மீனின் தண்டுவடத்தை வெட்டினால் அது எப்படித் தானாகவே மறுபடி வளர்ந்து ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

போன வாரம் ராஜபாண்டி போன் செய்தான். காங்கேயம் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு மையத்தில், போன நரம்பை மறுபடி வளர வைப்பதாகச் சொல்லும் ஸ்டெம் செல் ஊசியை முதுகில் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

அனுப்பர்பாளையத்தில் அண்ணன் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது, ராஜபாண்டி முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், சக்கர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் மாதிரி இருந்தான். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் பஸ்ஸில் வரும்போது அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் எதை முதலில் எடுப்பது என்று அனுசுயாவுக்குத் தெரியவில்லை.

அவனேதான் ஆரம்பித்தான்.

“உன் மீனு வெட்டுன முதுகோட நீந்துறதை நீதானே எனக்கு வீடியோ போட்டுக் காமிச்ச. மீனுக்கு ஆகும், எனக்கு ஆகாதா?”

அனுசுயா பையை இறக்கி வைத்துவிட்டு அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். அடிபட்டதும் மீனின் உடம்பில் காவல்கார செல்கள் ஓடி வருகின்றன. குப்பையை அள்ளுகின்றன. அந்த இடமே கொதித்துக் கிடக்கிறது. பிறகு அந்தக் கொதிப்பு தானாக அடங்குகிறது. அடங்கிய பிறகுதான் நரம்பு வளர்கிறது. மனிதனுக்கு அது அடங்குவதில்லை. தழும்பு ஏறி வழியை அடைத்துக்கொள்கிறது. அதை எப்படி அடக்குவது என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை. அப்படி இருக்கும்போது காங்கேயம் சாலைக்கு மட்டும் அந்த மருந்து எப்படி வந்தது?

“எனக்கு இனிமே போறதுக்கு என்னத்தா இருக்கு?” என்றான் ராஜபாண்டி.

“ரெண்டு கையி இருக்குண்ணே. யாசின் அண்ணன் கடைக்கு கல்கத்தா ஆர்டரையெல்லாம் இந்தியிலயே பேசி முடிக்கிற வாயி இருக்கு. அந்த ஊசி வழியா கிருமி உள்ள போச்சுன்னா மூளை வரைக்கும் போயிரும். எங்க லேப்ல பக்கத்து மேசையில அதைத்தான் பாக்குறாக. நான் சும்மா பயமுறுத்தல.”

ராஜபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாட்டேன் என்பதற்கு அவனுடைய வழி அது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஆஷா சமையல் மூலையில் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வந்ததிலிருந்து அவள் அதிகம் பேசவில்லை என்பதை அனுசுயா கவனித்தாள். தன்மேல் கோபம்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆஷாவின் நெற்றியில் தைலம் மினுமினுத்தது.

வாசலில் கார் வந்து நின்றது.

அந்த மையத்துக்காக நோயாளிகளை அழைத்துப் போகிறவர் மகுடேஸ்வரன். வெள்ளைச் சட்டை, குளிர்ந்த பேச்சு. அனுசுயா யாரென்று தெரிந்ததும் கும்பிட்டார். படித்த பிள்ளைகள் சந்தேகப்படுவது நல்லதுதான் என்றார். போன மாதம் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர் கட்டை விரலை அசைத்ததைக் கைப்பேசியில் காட்டினார். அவர் யார், ஊர் எது, ஊசிக்கு முன்பு விரல் அசைந்ததா என்று அனுசுயா கேட்டதற்கு, அதெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று சிரித்தார்.

“ஏனுங்க தம்பி, கெளம்பலாங்களா? உங்களுக்குன்னு மருந்து தனியா எடுத்து வெச்சிருக்காங்க. நேரம் போனா வீணாப் போயிருமுங்க.”

ராஜபாண்டி சக்கரத்தின்மேல் கை வைத்தான்.

அப்போதுதான் ஆஷா டீத் தட்டோடு வந்தாள். மகுடேஸ்வரன் கை நீட்டினார். ஆஷா தட்டை அவர் கைக்கு நேராக நீட்டாமல், ஒரு சாண் தள்ளி, காற்றில் நீட்டினாள். நீட்டியபடியே பிடியை விட்டுவிட்டாள். டம்ளர்கள் உருண்டன. சூடான டீ காலில் கொட்டியும் அவள் துள்ளவில்லை. கொட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தறிக்காரர் வந்துட்டாரா, அத்தை?” என்றாள் அனுசுயாவைப் பார்த்து.

வீட்டில் தறியும் இல்லை, தறிக்காரரும் இல்லை. அனுசுயா அத்தையும் இல்லை.

அனுசுயா எழுந்து ஆஷாவின் கையைப் பிடித்தாள். கை கொதித்தது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டாள். ஆஷாவால் சொல்ல முடியவில்லை. ராஜபாண்டிதான் திக்கித் திணறிச் சொன்னான். மூன்று வாரமாகவே சாயங்காலமானால் உடம்பு சுடும் என்பாள். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வாள். தலைவலி. இரண்டு மூன்று தடவை வாந்தி. ஓவர்டைம் பார்ப்பதால் என்று அவளே சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை கம்பெனியில், நல்ல பீஸையெல்லாம் ஓட்டை என்று தள்ளிவிட்டதாக லைன் சூப்பர்வைசர் ஏசினாராம். ஒரு பீஸ் இரண்டாகத் தெரிகிறது என்று அழுதாளாம்.

சொல்லச் சொல்ல ராஜபாண்டியின் குரல் தேய்ந்தது. தான் இத்தனை நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது.

அனுசுயா ஆஷாவைப் பாயில் படுக்க வைத்தாள். தலைக்குப் பின்னால் கையைக் கொடுத்து, தாடை நெஞ்சைத் தொடுமாறு மெல்லத் தூக்கினாள். கழுத்து வளையவில்லை. தோளும் முதுகும் ஒரு பலகைபோலச் சேர்ந்து எழும்பின. ஆஷா வலியில் முனகினாள்.

அனுசுயா டாக்டர் இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மீன். ஆனால் மூளையில் கிருமி புகுந்தால் ஏற்படும் அழற்சியைப் பற்றி ஆராய்கிறவள் அவளுடைய பக்கத்து மேசைக்காரி ஷம்ஷாத். இருவரும் சேர்ந்து சாப்பிடும்போதெல்லாம் இதையேதான் பேசுவார்கள். அவளை உடனே போனில் பிடித்தாள். கேட்டு முடித்த ஷம்ஷாத், யோசிக்க ஒன்றுமில்லை, இந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாள்.

மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். இது ஒற்றைத் தலைவலியாக இருக்கும், சம்சாரத்தைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றார். இந்த வாய்ப்பை விட்டால் மறுபடி எப்போது வருமோ என்றார்.

அனுசுயா அண்ணனைப் பார்த்தாள். முடிவை அவன்தான் எடுக்க வேண்டும், தான் வாய் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ராஜபாண்டி நாற்காலியைத் திருப்பினான். காருக்கு நேராக அல்ல, பாயில் கிடந்தவளுக்கு நேராக.

“நீங்க போங்கய்யா,” என்றான். “வழியில கார நிறுத்தாம எடுத்தாப் போதும். ஆட்டோ உள்ள வரணும்.”

அதன்பிறகு அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை. காதர்பேட்டையில் பனியன் மொத்தக் கடை வைத்திருக்கும் யாசினுக்குப் போன் செய்து லோடு ஆட்டோவோடு வரச் சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு ஆஷாவைத் தூக்கச் சொன்னான். அவளுடைய ஆதார் அட்டை எங்கே, மாற்றுப் புடவை எங்கே என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னான். சாயப்பட்டறையில் ஒரு ஷிப்ட் ஆட்களை மேய்த்த குரல் அது. அந்தக் குரலை அனுசுயா இரண்டு வருடமாகக் கேட்டிருக்கவில்லை.

யாசின் துணிப் பொதிகளை இறக்கிப் போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். வண்டிக்குள் பஞ்சுத் தூசி பறந்தது. மடித்த சக்கர நாற்காலியும் அதிலேயே ஏறியது. ஆஷாவின் தலையை அனுசுயா மடியில் ஏந்திக்கொண்டாள். ராஜபாண்டி தன் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் முன்னால் போனான், ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பணியிலிருந்த டாக்டர் சகாயராஜ் இளைஞர், அதிகம் பேசாதவர். அனுசுயா சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வந்ததும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் தொற்று, காசநோய்க் கிருமியாக இருக்கலாம் என்று சந்தேகிப்பதாகச் சொன்னார். இருமல் இல்லாமலே அது மூளைக்குப் போகும் என்றார். மூளைக்குள் நீர் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் ஊசி போடத் தடையில்லை. முதுகில் ஊசி போட்டு, தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகத் தெரியும். கணவர் கையெழுத்துப் போட வேண்டும்.

ராஜபாண்டிக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்ததோ என்னவோ, ஒரு சொல் மட்டும் விழுந்தது.

“முதுகுலயா?”

“ஆமாங்க. கீழ் முதுகுல.”

“வேணாங்க.”

டாக்டர் விளக்கப் பார்த்தார். ராஜபாண்டி கையை உயர்த்தித் தடுத்தான். வேறு எந்தச் சோதனை வேண்டுமானாலும் செய்யுங்கள், ரத்தம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள், முதுகை மட்டும் தொடாதீர்கள் என்றான். சீக்கிரம் முடிவெடுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

அனுசுயா அவனை வராந்தாவின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“காலையில நீதானே வேணாம்னு ஒத்தக்கால்ல நின்ன,” என்றான் அவன். “முதுகுல ஊசி போட்டா என்னவெல்லாம் ஆகும்னு நீதானே சொன்ன. அவளும் என்னைய மாதிரி ஆயிட்டா? ஒரு வீட்டுல ஒருத்தன் போதாதா?”

அவன் அழுதான். ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் வீட்டுக்கு வந்த அன்றுகூட அழாதவன்.

காலையில் அடுக்கி வைத்திருந்த எந்த வார்த்தையும் இதற்குப் பொருந்தாது என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது. அவள் அவனுக்குப் பின்னால் போனாள். சட்டைக்குமேல், முதுகின் நடுவில் விரலை வைத்தாள்.

“தெரியுதாண்ணே?”

“தெரியுது.”

ஒவ்வொரு எலும்பாக விரலை இறக்கினாள். தெரிகிறது, தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் பேசாமல் இருந்தான்.

“இதுதான் உனக்கு அடிபட்ட எடம். தண்டுவடம் இதுக்கு ரெண்டு எலும்பு கீழயே முடிஞ்சிரும். எல்லா மனுசருக்கும் அப்படித்தான்.” விரலை இன்னும் இறக்கி, அவன் உணர முடியாத இடத்தில் வைத்து அழுத்தினாள். “அவுக ஊசி போடுற எடம் இது. இங்க தண்டுவடமே கிடையாது. தண்ணிக்குள்ள தனித்தனி நூலா நரம்பு மெதந்துக்கிட்டு இருக்கும். ஊசி வந்தா ஒதுங்கிக்கும். உள்ள எதையும் விடப்போறதில்ல. கொஞ்சம் தண்ணி எடுக்கப் போறாக. இது காலங்காலமா உலகம் முழுக்க எடுக்குறது. காலையில நான் வேணாம்னது எதுன்னே தெரியாததை உள்ள விடுறதுக்கு.”

அவன் பின்னால் கை நீட்டி அந்த இடத்தைத் தானே தொட்டுப் பார்த்தான். கைக்குத் தெரிந்தது, முதுகுக்குத் தெரியவில்லை.

“இதே ஊசி எனக்குன்னா போட விடுவியா?”

“எனக்கே போட்டுக்குவேன்.”

“ஒண்ணும் ஆகாதே?”

“தலைவலி வரலாம். அபூர்வமா வேற சிக்கலும் வரலாம், இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எடுக்காம விட்டா என்ன மருந்துன்னு தெரியாம மதினி போயிருவாங்கண்ணே.”

அவன் முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு டாக்டரிடம் போனான். கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: ஊசி போடும்போது அவளுடைய கையை நான் பிடித்துக்கொள்ளலாமா?

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முகக்கவசம் மாட்டிக்கொள்ளச் சொன்னார்.

ஆஷாவை ஒருக்களித்துச் சுருட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். நர்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ராஜபாண்டி தலைமாட்டில் இருந்து, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, ஊரில் அவள் அப்பா மொக்கைச்சாமி வாங்கியிருக்கும் புதுக் கன்றுக்குட்டியைப் பற்றி விடாமல் பேசினான். நீர் சொட்டுச் சொட்டாகக் குழாயில் இறங்கியது. தெளிவாக இல்லை, அரிசி கழுவிய கடைசித் தண்ணீர்போல லேசாகக் கலங்கியிருந்தது. ஆஷாவின் கால் விரல்கள் ஒருமுறை சுருங்கி விரிந்தன. ராஜபாண்டி அதைப் பார்த்துவிட்டான். அப்போதுதான் மூச்சே விட்டான்.

முழு முடிவு வருவதற்குக் காத்திருக்கப் போவதில்லை, மருந்தை இப்போதே ஆரம்பிக்கிறோம் என்றார் டாக்டர். காசநோய் மருந்து, கூடவே ஸ்டீராய்டு. கிருமிக்கு ஒன்று சரி, இன்னொன்று எதற்கு என்று ராஜபாண்டி தங்கையைக் கேட்டான். கிருமியை அடிக்க உடம்பு போடுகிற சண்டையிலேயே மூளை பாதி வெந்துவிடும், அந்தச் சண்டையைத் தணிக்கத்தான் என்றாள் அவள்.

“உன் மீனுக்குத் தானா அடங்குதுன்னியே, அந்தக் கொதிப்பா?”

“அதேதான். மதினிக்கு நாமதான் அடக்கணும்.”

அவன் மெல்லத் தலையாட்டினான். தங்கை இத்தனை வருடமாக என்ன படிக்கிறாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்ததுபோல இருந்தது.

மதியத்துக்கு மேல் ஆஷா தூங்கிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் கண் திறந்தவள், பிறகு கிள்ளினால்தான் திறந்தாள். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் நீர் அதிகமாகியிருந்தது. அதை வடிக்கக் குழாய் வைக்க வேண்டியிருக்கலாம், மூளை அறுவை நிபுணர்கள் இருக்கும் கோவைக்கு மாற்றுவதுதான் நல்லது என்றார் சகாயராஜ். அவரே போன் செய்து படுக்கை ஏற்பாடு செய்தார்.

ஆம்புலன்ஸ்காரர் கூட ஒருவர்தான் வரலாம் என்றார். ஓடியாடக்கூடிய ஆளாக இருந்தால் நல்லது என்று, ராஜபாண்டியைப் பார்க்காமல் சொன்னார்.

“ஓட ஆளு அங்க வந்து நிக்கும்,” என்றான் ராஜபாண்டி. ஷம்ஷாத் கோவை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நிற்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்தாள். “கையெழுத்துப் போட நான் வேணும். அவ கண்ணு முழிச்சாத் தேடவும் நான்தான் வேணும். என்னையத் தூக்கி வைங்க.”

யாசினும் ஒரு வார்டு ஊழியரும் தூக்கி உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்துமுன் அவன் அனுசுயாவைக் கிட்டே கூப்பிட்டான்.

“மூலனூர்ல ஆத்தப்பன்னு ஒரு தம்பி. முருங்கைக்காய் மூட்டை ஏத்தும்போது லாரியில இருந்து விழுந்தவன், என்னைய மாதிரிதான். வாட்ஸப்ல பேசுவோம். அந்த ஊசிக்கு அவனும் பேரு குடுத்துருக்கான், அடுத்த வாரம். நான் போறேன்னு சொல்லித்தான் அவனும் குடுத்தான்.” கைப்பேசியை உயர்த்திக் காட்டினான். “நம்பரு அனுப்பியிருக்கேன். எனக்குச் சொன்னதை அவனுக்கும் சொல்லு தாயி. முதுகுல தொட்டுக் காமிச்ச பாரு, அப்படிச் சொல்லு.”

ஆம்புலன்ஸ் கிளம்பிற்று. வாசல் மரங்களில் காக்கைகள் அடைய ஆரம்பித்திருந்தன. கோவை பஸ் ஏற பஸ் நிலையம் வரை கொண்டுவிடுவதற்காக யாசின் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினார். ஏறுவதற்கு முன் பேசிவிடலாம் என்று அனுசுயா அந்த எண்ணை அழுத்தினாள்.

இளம் குரல். சந்தோஷமான குரல்.

“ஆருங்க? ராஜபாண்டி அண்ணன் தங்கச்சிங்களா? அண்ணன் வரலீன்னு சொன்னாங்க. அவருக்கு வெச்சிருந்த மருந்த எனக்கு இன்னைக்கே போட்டுடறாங்களாமுங்க. இங்கதான் கட்டில்ல படுத்திருக்கேன்.”

“தம்பி, கொஞ்சம் பொறுங்க. நான் சொல்றத—”

போன் கை மாறியது. அடுத்து வந்தது குளிர்ந்த குரல், காலையில் கேட்ட அதே குரல்.

“அம்மிணி, உங்க ஊட்டு ஆளத் தடுத்துட்டீங்க, சரி. இன்னும் எத்தன ஊட்டு வாசல்ல போயி நின்னுக்குவீங்க?”

தொடர்பு அறுந்தது. மறுபடி அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

யாசின் அவள் முகத்தைப் பார்த்தார். சாலையின் மேற்கே ஆம்புலன்ஸின் ஒலி தேய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் அண்ணன் இருந்தான், மதினி இருந்தாள். அனுசுயா அந்தத் திசையை ஒருமுறை பார்த்தாள். ஷம்ஷாத்துக்கு, நான் வரத் தாமதமாகும், அவர்களைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி அனுப்பினாள். பிறகு சகாயராஜ் உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தாள். பணி முடிந்த டாக்டர் கைப்பையோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அவள் போய் வழியை மறித்து நின்றாள். நாலே வாக்கியத்தில் சொன்னாள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோவைப் பார்த்தார்.

“மூணு பேரு உக்காரலாமுங்களா?” என்று யாசினைக் கேட்டார்.

“நெருக்கி உக்காந்தாப் போச்சுங்க,” என்றார் யாசின். வண்டி காங்கேயம் சாலைப் பக்கம் திரும்பியது.